ஐந்து ஆறுகளைக் கடந்து: பசிலிகாட்டாவில் சைக்கிள் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் இத்தாலியில் சைக்கிளில் சுற்ற வேண்டும், எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், நான் பசிலிகாட்டாவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கிழக்கே புலியா, மேற்கே கம்பானியா, தெற்கே கலாப்ரியா. மூன்றுக்கும் நடுவில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய மாநிலம் அது. அதில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் சமவெளி. மிச்சமெல்லாம் மலையும் குன்றும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பசிலிகாட்டாவில் இந்தக் கணக்கு உதவாது. எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு ஜீரோ தி இத்தாலியா என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தின் ஏழாம் நாள் ஓட்டம், கலாப்ரியாவின் கடற்கரையில் உள்ள தியாமாந்தேயில் தொடங்கி, பசிலிகாட்டாவின் தலைநகரான பொதென்சாவில் முடிந்தது. தூரம் 196 கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற கணவாய் எதுவும் வழியில் கிடையாது. ஆனாலும் அன்று வீரர்கள் ஏறிய மொத்த உயரம் ஏறத்தாழ 4,500 மீட்டர். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கிச் சேர்ந்த உயரம் அது.

ஏன் இப்படி என்று விளங்க, உங்கள் கையை விரித்து மேசைமேல் வையுங்கள். உள்ளங்கை அப்பென்னைன் மலைத்தொடர். விரல்நுனிகள் தொடும் இடம் அயோனியக் கடல். ஐந்து விரல்களும் ஐந்து ஆறுகள்: பிராதானோ, பசேந்தோ, கவோனே, அக்ரி, சின்னி. ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. விரலுக்கும் விரலுக்கும் இடையே நீளமான மேடு. ஆற்றோடு போகிறவருக்குப் பாதை சுகமாக இருக்கும். மத்தேராவில் தொடங்கித் தெற்கே பொல்லினோ மலைக்குப் போக நினைப்பவர் ஐந்தையும் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஊர்கள் ஆற்றங்கரையில் இல்லை. எல்லாம் மேட்டின் உச்சியில். பகல் முழுக்க ஓட்டிக் களைத்து ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தால், இரவு தங்க வேண்டிய ஊர் தலைக்கு மேலே 300, 400 மீட்டர் உயரத்தில் தெரியும். பசிலிகாட்டாவில் ஒரு நாள் பயணம் பெரும்பாலும் ஏற்றத்தில்தான் முடியும்.

அந்த மக்கள் உச்சியில் குடியேறியதற்குக் கனத்த காரணங்கள் இருந்தன. கடல் வழியாக வந்த கொள்ளையர் பயம் ஒன்று. அதைவிடப் பெரிது மலேரியா. தாழ்வான ஆற்றுச் சமவெளி நூற்றாண்டுக் கணக்கில் காய்ச்சல் பூமியாக இருந்தது. நிலம் கீழே, வீடு மேலே. விடிவதற்கு முன் கழுதையோடு இறங்கி உழுதுவிட்டு, இருட்டுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். இரவைக் கீழே கழித்தால் காய்ச்சல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய அரசே புகையிலைக் கடைகளில் கொயினா மாத்திரை விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்த பிறகுதான் நோய் அடங்கியது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இத்தாலியை அறிவித்தது 1970-இல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டர் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த உழவர்களின் நினைப்புத்தான். நான் ஒரு மாலை ஏறியதை அவர்கள் ஆயுள் முழுக்க ஏறினார்கள்.

ரயில் வந்தபோது அதுவும் ஆற்றோரமாகவே போயிற்று. அதனால் நிலையம் கீழே, ஊர் மேலே. வரைபடத்தில் பிஸ்திச்சி என்று ஓர் ஊர் இருக்கும், பிஸ்திச்சி ஸ்காலோ என்று இன்னொன்றும் இருக்கும். ஸ்காலோ என்று முடிந்தால் அது நிலையத்தைச் சுற்றி முளைத்த கீழூர். பெர்ராந்தினா, கிரஸ்ஸானோ என்று பல ஊர்களுக்கு இப்படி இரட்டைப் பெயர் உண்டு. அறை பதிவு செய்யும்போது மேலா கீழா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சி மட்டும் பத்திரமா என்றால், அதுவும் முழுக்க இல்லை. இந்தக் குன்றுகளில் பல களிமண்ணால் ஆனவை. மழை அரித்து அரித்து, புல்கூட ஒட்டாத சாம்பல் நிற மடிப்புகளாக நிற்கும் சரிவுகளை அங்கே கலாங்கி என்கிறார்கள். அலியானோவைச் சுற்றி கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதுதான். மழை நனைத்தால் இந்த மண் நகரும். 1963-இல் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பின் கிராக்கோ என்ற ஊரே காலியானது. கோபுரமும் வீடுகளும் கூரையிழந்து அப்படியே நிற்க, மக்கள் பள்ளத்தாக்கில் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்புக்குப் போனார்கள். அந்த வெற்று ஊரைப் பார்த்தபடி ஏறும் சாலை என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

சாலைகளும் இதே மண்மேல்தான் போகின்றன. தார் பிளந்து கிடக்கும். சில இடங்களில் பாதிச் சாலையே சரிந்திருக்கும். சரிவால் பாதை மூடப்பட்டது என்ற பலகை அடிக்கடி வரும். வரைபடத்தை நம்பி இறங்கிவிடாமல், மேலூர்க் காப்பிக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு எந்த வளைவு போனது, எது மிஞ்சியிருக்கிறது என்பது அத்துப்படி. பசேந்தோ பள்ளத்தாக்கில் லாரிகள் விரையும் நால்வழிச் சாலை ஒன்று இருக்கிறது. அதன் பக்கமே போக வேண்டாம். பழைய மேட்டுச் சாலைகளில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எதிரே வரும் கார்களை விரல்விட்டு எண்ணலாம். சைக்கிள்காரருக்கு இது வரம். அந்த மண்ணுக்கு அது இழப்பு. அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும், பிறகு தூரின் நகருக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போன தலைமுறைகள் விட்டுச்சென்ற வெறுமை அது. பூட்டிய வீடுகளின் வரிசையைக் கடந்து போகும்போது இதை மறக்க முடிவதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆள், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் ஏற மட்டும் உடல் ஏறத்தாழ 1,000 கிலோகலோரி செலவழிக்கும். ஆனால் பகல் ஒரு மணி வாக்கில் கடைகள் அடைத்துவிடுவார்கள். திறக்க மாலை ஐந்தாகும். ஞாயிறு பிற்பகலில் ஒன்றுமே கிடைக்காது. காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் வழி. மத்தேராவின் ரொட்டி ரவையாக அரைத்த கெட்டிக் கோதுமையில் செய்வது. தடித்த மேலோடு இருப்பதால் பல நாள் தாங்கும். பசிலிகாட்டாவின் வெனோசாவில் கி.மு. 65-இல் பிறந்த லத்தீன் கவிஞர் ஹொராஸ், ரோமிலிருந்து பிரிந்திசிக்குப் போன பயணத்தைப் பாடியபோது இந்தப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்கிறார். அங்கே தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் ரொட்டி மிகச் சிறந்தது, விவரமான பயணி அதை அடுத்த வழிக்கும் தோளில் சுமந்து போவான் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிலைமை மட்டும் மாறிவிட்டது. மேலூர்களின் சதுக்கத்தில் பெரும்பாலும் ஒரு குழாயடி இருக்கும். அடுத்தது எங்கே என்று யோசிக்காமல் எல்லாப் புட்டிகளையும் நிரப்பிவிடுங்கள்.

சின்னி ஆற்றுப் பக்கம் வந்தால் செனீசே என்ற ஊர். அதன் மிளகாய் காரமில்லாதது, சிவந்து நீண்டது. நூலில் கோத்துப் பால்கனிகளில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சூடான ஆலிவ் எண்ணெயில் ஒரு நொடி போட்டு எடுத்தால் மொறுமொறுவென்று உடையும். அதைப் பாஸ்தாவின் மேல் நொறுக்கிப் போட்ட ஒரு தட்டுக்காகவே இன்னொரு முறை அந்த ஐந்து ஆறுகளையும் கடக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ஆட்டு மந்தைகளுக்குக் காவலாக வெள்ளை நிறப் பெரிய நாய்கள் இருக்கும். அவை தங்கள் வேலையைத்தான் செய்கின்றன. துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மெல்ல நடந்து கடந்துவிடுங்கள்.

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்துப் புலியாவில் ஒரு வழி உண்டு. செலே ஆற்றின் ஊற்றுநீரை மலை குடைந்து வறண்ட புலியாவுக்குக் கொண்டுபோகும் பெருங்கால்வாய் வேலை 1906-இல் தொடங்கியது; 1915-இல் பாரி நகருக்குத் தண்ணீர் வந்தது. நீர் தானாக வழிந்தோட வேண்டும் என்பதற்காக மிக மெல்லிய சரிவில் அமைத்த கால்வாய் அது. அதன் பராமரிப்புப் பாதையின் ஒரு பகுதியைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். இத்ரியா பள்ளத்தாக்கில், கூம்புக் கூரை போட்ட துருல்லோ வீடுகளுக்கும் ஆலிவ் தோப்புகளுக்கும் இடையே, மூச்சு வாங்காமல் ஓட்டலாம்.

போகும் காலம் ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர். மே மாதத்தில் கோதுமை பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நிழல் தரும் மரம் அபூர்வம். முதல் முறை போகிறவர்கள் மத்தேராவில் தொடங்கி, மொந்தெஸ்காலியோசோ, பிஸ்திச்சி, கிராக்கோ, அலியானோ பார்த்துவிட்டு, அக்ரி ஆற்றோடு கடலுக்கு இறங்கி, மெத்தபோந்தோவில் ரயில் ஏறலாம். சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் தனிச் சீட்டு வாங்கி வண்டியை ஏற்றிக்கொள்ளலாம். கால் பழகியவர்கள் சின்னியையும் கடந்து பொல்லினோ தேசியப் பூங்காவுக்குள் போங்கள். அதன் மறுபக்கம் லாயினோ போர்கோவில், கலாப்ரியாவின் நான்கு மலைப் பூங்காக்களை இணைக்கும் சைக்கிள் வழி தொடங்குகிறது. ரெஜ்ஜோ கலாப்ரியா வரை 545 கிலோமீட்டர். ஏற்றங்கள் அங்கே இன்னும் நீளம்.

வணக்கம்.