ரத்தத் துளியில் தெரியாத ஒட்டுண்ணிகள்: கடும் மலேரியா உள்ளுறுப்புகளை என்ன செய்கிறது?

வணக்கம் நண்பர்களே. மலேரியா என்றதும் உடலை உலுக்கும் குளிர்காய்ச்சல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், காய்ச்சலைவிட உள்ளுறுப்புகளின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுவதே உயிருக்குப் பெரிய ஆபத்து. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடும் மலேரியாவுக்குப் பெரும்பாலும் காரணம் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி. சிவப்பணுவுக்குள் புகுந்து ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஒரு சுற்று வளர்ந்து முடிக்கும் இது, முதற்பாதியில் ரத்தத்தோடு சுற்றி வருகிறது. பிற்பாதியில் சிவப்பணுவின் மேற்பரப்பில் நுண்ணிய முடிச்சுகளை எழுப்பி, அவற்றில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதத்தை நிறுத்தி, ரத்தக்குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிக்கொண்டால் மண்ணீரலின் வடிகட்டலுக்குத் தப்பிவிடலாம். எனவே, விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் குறைவாகத் தெரிந்தாலும், உள்ளே எத்தனை பதுங்கியிருக்கின்றன என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. அதை நம்பி யாரும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

இப்படி ஒட்டிக்கொண்ட சிவப்பணுக்களால் மூளையின் நுண்குழாய்கள் அடைபடும்போது வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. அந்த அடைப்பைக் கண்ணால் காண ஒரே ஒரு சாளரம் உண்டு: விழித்திரை. கருவியால் கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவருக்கு வெளிறிய திட்டுகளும், செந்நிறம் மங்கி ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ மாறிய குழாய்களும், நடுவில் வெண்புள்ளியுள்ள ரத்தக்கசிவுகளும் தெரிகின்றன. மூளையில் நடப்பதன் சாயல்தான் அது. மலாவி நாட்டில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில், இறந்துபோன 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது தெரியவந்தது. அந்த வீக்கம் மூளைத்தண்டை அழுத்தினால் மூச்சே நின்றுவிடும்.

நினைவு தப்பியதற்கு மூளை அடைப்பு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை சரிந்தாலும் இதே நிலைதான் ஏற்படும். ஒட்டுண்ணியும் சர்க்கரையைத் தின்கிறது, மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் மருந்தும் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைத் தூண்டுகிறது. உடனே சோதித்து குளுக்கோஸ் ஏற்றினால் திருத்திவிடக்கூடிய இந்தக் குறையைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

பெரியவர்களுக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் அதிகம் பாதிக்கப்படுகின்றன: சிறுநீர் குறைகிறது, கண்கள் மஞ்சளாகின்றன. சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்தால் சிறுநீர் கடுங்காப்பியின் நிறத்தில் இறங்கும். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். ஆயினும் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. நுரையீரல் பாதிப்போ, சிகிச்சை தொடங்கி ஒட்டுண்ணிகள் குறைந்துவரும் வேளையில்கூடத் தலைகாட்டும். நரம்பு வழியாக நீர்மத்தை அளவு மீறி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து நிலைமை மோசமாகும்.

கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் என்னும் மருந்தின் ஊசி ஏன் முதல் மருந்தானது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். குழாய்ச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே, சுற்றிவரும் இளம் ஒட்டுண்ணிகளையும் அது அழித்துவிடுகிறது. ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்தனர். இந்த ஊசி பெற்றுக் குணமடைந்தோரில் சிலருக்கு, ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகு சிவப்பணுக்கள் மீண்டும் உடையக்கூடும் என்பதால், வீடு திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் வரை ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துவர வேண்டும்.