கெட்டுப்போன படத்தின் முன்னால்

வணக்கம் நேயர்களே. தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டு, 'இது நமக்கு வருமா, வராதா' என்று அடிக்கடி யோசிக்கிறவர்களுக்காகப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நானும் வரைகிறேன், வரையக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். வகுப்பில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி பெர்ஸ்பெக்டிவ் பற்றியதோ வண்ணக் கலவை பற்றியதோ என்று நினைப்பீர்கள். இல்லை. "எனக்குத் தன்னம்பிக்கையே வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்?" இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'முதலில் உங்களை நீங்கள் நம்புங்கள்' என்பது. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளைத் தாளின் முன்னால் கை நடுங்க உட்கார்ந்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எதை நம்பி நம்புவது?

நான் இப்படிப் பார்க்கிறேன். 'இந்தப் படம் நிச்சயம் நன்றாக வரும்' என்ற உறுதி எந்த ஓவியருக்கும் கிடைப்பதில்லை, வாழ்நாள் முழுக்க வரைந்தாலும். அனுபவம் தருவது இன்னொன்று: படம் பாதியில் கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வது என்று தெரிவது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கும் வண்டி ஆடத்தான் செய்யும். ஆடும்போது கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருடைய கைக்குத் தெரியும். ஓவியத்தில் தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இந்தக் கைத்தெளிவைத்தான். இதைப் பழகிக்கொள்ள முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

புகழ் வந்துவிட்டால் சந்தேகம் தானாகப் போய்விடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேயைப் பாருங்கள். 1908-இல் அவருக்கு வயது 67. பெயரும் பணமும் வந்து வெகு நாளாகியிருந்தது. தன் தோட்டத்து அல்லிக் குளத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்து, பாரிஸில் கண்காட்சிக்கு ஏற்பாடும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் திருப்தியில்லாமல் பல கேன்வாஸ்களைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். கண்காட்சி தள்ளிப்போனது. ஆனால் 1909-இல் அதே குளத்தின் 48 படங்களோடு அது நடந்தது. சந்தேகம் இருந்தது, வேலையும் நடந்தது. இரண்டும் ஒரே மனிதருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

சரி, பெரிய ஓவியர்கள் ஒரே வீச்சில் வரைந்து முடித்துவிடுவார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. முடிந்த படத்தை மட்டும் பார்ப்பதால் வரும் எண்ணம் இது. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில், ஸ்பெயினின் நான்காம் பிலிப் மன்னர் குதிரைமேல் அமர்ந்திருப்பதாக வெலாஸ்குவேஸ் வரைந்த படம் இருக்கிறது. குதிரையின் பின்னங்கால்கள் பக்கம் உற்றுப் பாருங்கள். முதலில் வேறு இடத்தில் வரைந்த கால்கள் மங்கலாகத் தெரியும். எண்ணெய் வண்ணம் பல காலம் ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊடு தெரிய ஆரம்பிக்கும். அதனால் அவர் மறைத்த திருத்தம் இன்று வெளியே தெரிகிறது. அரசவை ஓவியர், மன்னரின் படம், அதிலும் குதிரையின் கால் சரியாக அமையவில்லை. அவர் என்ன செய்தார்? மேலேயே மாற்றி வரைந்தார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் நமக்குப் புகைப்படங்களே இருக்கின்றன. 1935-இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணின் பெரிய படம் ஒன்றை வரைந்தபோது அதன் நிலைகளை 22 புகைப்படங்களாக எடுத்துவைத்தார். வரிசையாகப் பார்த்தால் உடம்பு, தலை, கால், பின்னணி என்று எல்லாமே திரும்பத் திரும்ப மாறுவது தெரியும். 1937-இல் பிக்காசோ 'குவெர்னிகா'வை வரைந்தபோது டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர் அந்த வேலையைப் படம்பிடித்தார். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். ஆரம்பப் புகைப்படங்களில் முஷ்டி மடக்கி ஓங்கிய ஒரு கை நடுவில் நிற்கிறது. முடிந்த படத்தில் அந்தக் கை இல்லை. கீழே கவிழ்ந்திருந்த குதிரையின் தலை நிமிர்ந்துவிட்டது. இன்று நாம் அசைக்க முடியாதது என்று நினைக்கும் அந்த அமைப்பு, அவ்வளவு பெரிய கேன்வாஸில், போட்டு அழித்துப் போட்டுத்தான் கிடைத்திருக்கிறது. மாணவர்களிடம் இந்தப் புகைப்படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். முடிந்த படத்தைப் பார்ப்பதைவிட அதிகத் தைரியம் அதில்தான் வரும்.

அப்படியானால், வரையக் கற்பதோடு, கெட்டுப்போன படத்தை மீட்கவும் கற்க வேண்டும். இதைப் பலர் தனியாகப் பயில்வதே இல்லை. வாட்டர்கலரை எடுத்துக்கொள்ளுங்கள், பயமுறுத்துவதில் அதுதான் முதலிடம். ஈரம் காயும் முன் என்றால், பிழிந்த பிரஷ்ஷால் தொட்டாலே வண்ணம் ஏறி வந்துவிடும். காய்ந்த பிறகும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, மெல்ல வருடி, டிஷ்யூவால் ஒற்றினால் பல நிறங்கள் ஓரளவு எழுந்து வரும். தேலோ நீலம் மாதிரிச் சில நிறங்கள் தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் வராது. எது வரும், எது வராது என்று உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தாளில் பூசிக் காயவைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். அடுத்த முறை வானத்தில் வண்ணம் அதிகமாக விழுந்தால் பதறமாட்டீர்கள். எண்ணெய் வண்ணத்தில் பேலட் கத்தியால் சுரண்டி எடுக்கலாம், துணியால் துடைக்கலாம், காயவிட்டு மேலே வரையலாம். கரித்துண்டு எல்லாவற்றையும்விடத் தாராளமானது. துணியால் தட்டினால் பாதி போய்விடும், மிச்சமிருக்கும் மங்கலே நல்ல நடுநிறமாகப் பயன்படும்.

கெட்டுப்போன படத்தைக் கிழித்துப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு இதுதான் காரணம். அந்தத் தாளில் இனி இழக்க ஒன்றுமில்லை. அதில் ஒரு மணி நேரம் துணிந்து எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். நிழலை இரட்டிப்பு ஆழமாக்கலாம், பாதியைக் கழுவிவிடலாம், மேலே மையால் கோடு போடலாம். படம் பிழைக்காமலும் போகலாம். உங்கள் பயம் நிச்சயம் குறையும்.

எங்கே கெட்டது என்றே தெரியவில்லை என்றால்? படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். 1435-லேயே ஆல்பெர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் ஓவியம் பற்றிய தன் நூலில் எழுதிவைத்த வழி இது. லியோனார்டோவும் இதையேதான் சொல்கிறார். அவ்வப்போது வேலையை விட்டு எழுந்து போய் வரச் சொல்கிறார், தூரத்தில் நின்று பார்க்கச் சொல்கிறார். பழகிய கண் தப்பைக் காணாது. இடம் வலம் மாறியதும் அதே கண்ணுக்குக் கோணிய முகம் சட்டென்று தெரியும்.

அப்புறம், ஊக்கம். ஊக்கம் இல்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் வரைவதில் சலிப்பு இருக்காது. 'இன்றைக்கு எதை வரைவது' என்று தீர்மானிப்பதில்தான் களைத்துப் போயிருப்பார்கள். ஜார்ஜியோ மொராண்டி என்ற இத்தாலிய ஓவியர் வாழ்நாளின் பெரும்பகுதி அதே சில பாட்டில்களையும் ஜாடிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி இடம் மாற்றி வரைந்தார். அவற்றிலிருந்து வந்த படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நீங்கள் வாழ்நாள் முழுக்க அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் முடிந்த அன்றே அடுத்த தாளில் லேசாக அவுட்லைன் போட்டு வைத்துவிடுங்கள். நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் தாள் வெறுமையாக இருக்கக் கூடாது.

பிறர் கருத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1885-இல் வான்கோ 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தின் லித்தோகிராஃப் (கல்லச்சு) பிரதியைத் தன் நண்பரும் ஓவியருமான வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். கடுமையான கண்டனம் கடிதமாக வந்தது. நட்பே முறிகிற அளவுக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்துத் தங்கைக்கு எழுதும்போதும், தான் வரைந்தவற்றில் அதுவே சிறந்தது என்று வான்கோ எழுதுகிறார். அதே சமயம் உருவங்களைப் பயில்வதை அவர் ஒருநாளும் விடவில்லை. கண்டனத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: படத்தை விட்டுக்கொடுக்காமல், பயிற்சியையும் விடாமல். ஒரு யோசனை மட்டும் சேர்க்கிறேன். "எப்படி இருக்கு?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "இந்தக் கை உடம்போடு ஒட்டியிருக்கிறதா?", "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறதா?" என்று கேளுங்கள். வேலைக்கு உதவும் பதில் கிடைக்கும்.

கடைசியாக, வரைவதை விட்டுப் பல வருஷம் ஆனவர்கள். பழைய நிலையிலிருந்தே தொடர வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்குவதே இல்லை. வான்கோ 27 வயதில் ஓவியராவது என்று முடிவெடுத்தபோது, சார்ல் பார்க் என்பவர் மாணவர்களுக்காகத் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். பத்து ஆண்டு கழித்து, 1890-இல், விண்மீன் இரவையும் சூரியகாந்திகளையும் வரைந்து முடித்த கைக்காரர், தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதி அதே தொடக்கப் பயிற்சித் தாள்களை மறுபடி கேட்கிறார், திரும்ப வரைந்து பார்க்க வேண்டும் என்று. அவருக்கு அதில் கூச்சம் இல்லை. உங்களுக்கும் வேண்டாம். ஒரு கோளம், ஒரு கனசதுரம், ஒரு பக்கமிருந்து வெளிச்சம், அதிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் முதல் சில வாரங்களை ஓட்டிவிடுங்கள். கை ஓரளவு இளகியபிறகு எடுத்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.