கட்டளையா, வழக்கமா? மட்டக்களப்பிலிருந்து ஒரு சட்டவியல் கேள்வி

வணக்கம் நேயர்களே. குற்றத்துக்கு என்ன தண்டனை, காணிக்கு எந்த உறுதி என்பதைச் சட்டவியல் கற்பிப்பதில்லை. எதனைச் சட்டமென்று ஏற்கிறோம், ஏன் ஏற்கிறோம் என்பதே அதன் விசாரணை. அதனைத் தொடங்க மட்டக்களப்பு மிகப் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு காலத்தில் முக்குவர் சமூகத்தின் வழமையான முக்குவர் சட்டம் வழங்கியது. அதன்படி ஓர் ஆணின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவனுடைய பிள்ளைகளை விடுத்து, சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை முடித்துவைத்தது. வடக்கில் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இன்றும் சட்டமாக நிலைத்திருக்க, இங்குள்ள தமிழர் பொதுச் சட்டத்தின்கீழ் வந்தனர். ஆயினும் வீடு பெண்பிள்ளைக்கே என்ற நியதியும், தாய்வழியில் வரும் குலப்பிரிவான குடியும், கோயிற் திருவிழாவில் குடிக்குள்ள உரிமையும் அக்கட்டளைச் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை.

இவை சட்டமா? 1832இல் தம் விரிவுரைகளை நூலாக்கிய ஆங்கிலேயச் சட்டவியலாளர் ஜோன் ஒஸ்ரின், இல்லை என்பார். இறைமையுள்ளவர் இட்டு, மீறுவோரைத் தண்டிக்கும் கட்டளையே அவருக்குச் சட்டம். நீதிமன்றமோ சட்டமன்றமோ ஏற்கும்வரை வழக்கம் வெறும் ஒழுக்கநெறி. எதிர்ப்புறத்தில் நிற்பவர் ஆஸ்திரியச் சட்ட அறிஞர் யூஜின் ஏர்லிச். அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் பல இனத்தவர் வாழ்ந்த செர்னோவிட்ஸ் நகரில் கற்பித்த அவர், எல்லோருக்கும் ஒரே ஆஸ்திரியச் சிவில் சட்டம் இருந்தும் ஒவ்வொரு சமூகமும் தன் வழமையிலேயே திருமணத்தையும் சொத்தையும் ஒழுங்குபடுத்தியதைக் கண்டு, அதனை 'வாழும் சட்டம்' என 1913இல் எழுதினார். அவர் மட்டக்களப்பைப் பார்த்திருந்தால் வியந்திருக்கமாட்டார்.

எனக்கு இருவரிலும் நிறைவில்லை. தாயும் தந்தையும் மகளுக்கு வீட்டை எழுதிவைக்காமல் காலமானால், 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மகன்மாருக்கும் மகள்மாருக்கும் சமமாகப் பங்கிடப்படும். அங்கே வழக்கம் தோற்றுவிடும். அதனால்தான் கலியாணத்துக்கு முன்பே நொத்தாரிசிடம் சென்று சீதன உறுதி முடிக்கிறார்கள். பழைய நெறி புதிய சட்டத்தின் கதவு வழியாகவே உள்ளே வருகிறது என்பதை ஏர்லிச்சின் அன்பர்கள் சற்று மறந்துவிடுகிறார்கள்.

1961இல் ஆங்கிலேயச் சட்டவியலாளர் எச்.எல்.ஏ. ஹார்ட் முன்வைத்த வேறுபாடு இங்கே அதிகம் உதவுகிறது. பலரும் ஒன்றையே செய்வது பழக்கம். செய்யாதவரைக் கண்டிப்பது நியாயமென அவர்கள் கருதும்போதே அது விதியாகிறது. தமக்கையின் வீட்டில் பங்கு கேட்கும் தம்பிக்கு நீதிமன்றம் பங்கைக் கொடுக்கலாம். ஊர் ஏசுமென்றால் அங்கே ஒரு விதி உண்டு. ஆனால் அவ்விதிக்கு நீதிமன்றத்தின் அங்கீகாரம் இல்லை. விதியாயினும் அரச சட்டமாகாத அந்த இடைநிலையை ஒஸ்ரினைவிடவும் ஏர்லிச்சைவிடவும் ஹார்ட் தெளிவாகக் காட்டுகிறார் என்பதே என் முடிவு.