ஸ்டாக் ப்ளகின் போதுமா, வெளிய வாங்கணுமா? நாதஸ்வரம், தவில் ட்ராக் வெச்சுப் பாக்கலாம்

வணக்கங்க. ஸ்க்ரீன்ல ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் திறந்திருக்கு. மேல இருக்கற ட்ராக் நாதஸ்வரம், கீழ தவில். ஆடி நெருங்கிடுச்சுன்னா சேலத்துல கோட்டை மாரியம்மன் பாட்டு, குலதெய்வப் பாட்டுன்னு வீட்டு ஸ்டுடியோ எல்லாத்துலயும் வேலை ஓடும். அப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, சாஃப்ட்வேரோட வர்ற ஸ்டாக் ப்ளகின், அதாவது ஈக்யூ (ஃப்ரீக்வென்சியை ஏத்தி இறக்கறது), கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தை அமுக்கறது) போதுமா, இல்ல வெளிக் கம்பெனி ப்ளகின் வாங்கணுமாங்கறதுதான்.

ஒரு பேப்பர் எடுங்க. உள்ள இருக்கற ப்ளகினால செய்ய முடியாத வேலை என்னன்னு ஒரே வரியில எழுதுங்க. "நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போறப்ப மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் குறையணும்", இந்த மாதிரி எழுத முடிஞ்சா வாங்கலாம். "சவுண்ட் இன்னும் கிராண்டா வரணும்"னு மட்டும்தான் எழுத வருதுன்னா, அந்தக் காசை மைக்குக்கும் ரூமுக்கும் வைங்க.

முதல்ல சாதாரண ஈக்யூ. அதிகமா காசு வீணாகறது இங்கதான். இது உங்க கம்ப்யூட்டர்லயே 5 நிமிஷத்துல சோதிச்சுப் பாக்கற விஷயம். நாதஸ்வரம் ட்ராக்கை அப்படியே டூப்ளிகேட் பண்ணுங்க. முதல் ட்ராக்ல ரீப்பரோட சொந்த ஈக்யூவான ரீஈக்யூ, ரெண்டாவதுல நீங்க வாங்க நினைக்கற ஈக்யூவோட ட்ரையல். ரெண்டுலயும் 1 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் ஏத்துங்க. இங்க ஒரு இடத்துல தடுமாறுவீங்க. எவ்வளவு அகலத்துக்கு ஏத்தணும்ங்கறதுக்கு ரீஈக்யூ க்யூ கேக்காது, பேண்ட்விட்த்தை ஆக்டேவ் கணக்குல கேக்கும். க்யூ 1ன்னா சுமார் 1.4 ஆக்டேவ். இப்ப ரெண்டாவது ட்ராக்ல ஃபேஸ் பட்டனை (அலையைத் தலைகீழாக்கறது) அமுக்கிட்டு ப்ளே பண்ணுங்க. ரெண்டு ஈக்யூவும் ஒரே வேலையைச் செஞ்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சு மாஸ்டர்ல சத்தமே வராது. கொஞ்சம் வந்தா உடனே "பாத்தியா, வித்தியாசம் இருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. க்யூவை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி கணக்குப் போடும். பேண்ட்விட்த்தை மெதுவா நகர்த்தி, மீட்டர் எங்க ரொம்பக் கீழ இறங்குதோ அங்க நிறுத்துங்க. மிச்சம் மைனஸ் 80 டெசிபலுக்குக் கீழ போயிடுச்சுன்னா, அந்த வித்தியாசத்தை மேளத்துக்கு நடுவுல எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

ட்ரையல் ஈக்யூ லீனியர் ஃபேஸ் மோடுல (அலையோட நேர ஒழுங்கைக் காக்க சத்தத்தைத் தாமதிக்கறது) இருந்தா இந்தச் சோதனை செல்லாது. ஜீரோ லேட்டன்சி இல்லன்னா மினிமம் ஃபேஸ் மோடுக்கு மாத்திக்கோங்க.

இதையே 16 கிலோஹெர்ட்ஸ்ல செஞ்சு பாருங்க, அங்க நிஜமாவே வித்தியாசம் வரும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்ல ரெக்கார்ட் பண்ணின ப்ராஜெக்ட்ல அதுல பாதி, 22.05க்கு மேல ஒண்ணும் கிடையாது. அந்த எல்லையை நெருங்க நெருங்க சாதாரண டிஜிட்டல் ஈக்யூவோட வளைவு ஒரு பக்கம் நசுங்கிடும். ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூ மாதிரி ஈக்யூ இதைச் சரி பண்ணி வெச்சிருக்கும். பாடகி குரலுக்கு மேல காத்தோட்டம் குடுக்கறதே உங்க அன்றாட வேலைன்னா இது ஒரு நியாயமான காரணம். தவிலுக்கு இதுக்காக வாங்க வேண்டாம்.

சோதனை எதுவா இருந்தாலும் ரெண்டு பக்கமும் சத்தத்தைச் சமமாக்கிட்டுத்தான் கேக்கணும். 1 டெசிபல் கூடுதலா இருந்தாலே காது அதைத்தான் நல்ல சவுண்டா எடுத்துக்கும். நிறைய ப்ளகின் போட்டவுடனே கொஞ்சம் ஏத்திக் குடுக்கும், வாங்கத் தூண்டறது பெரும்பாலும் அதுதான். யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசம். அதைக் கடைசில போட்டு, ப்ளகின் ஆன்ல எவ்வளவு, பைபாஸ்ல (ப்ளகின் வேலை செய்யாதப்ப) எவ்வளவுன்னு பாத்து, அவுட்புட் கெயினை 0.2 டெசிபலுக்குள்ள கொண்டு வாங்க. அப்புறம் கண்ணை மூடிட்டு பைபாஸ் பட்டனை ஏழெட்டு தடவை எண்ணாம அமுக்கிட்டுக் கேளுங்க. எது ஆன்னு காதால சொல்ல முடியலையா, அந்த ப்ளகின் உங்களுக்கு வேண்டாம்.

இப்ப வெளியிலருந்து எடுத்தே ஆகவேண்டிய இடம், டைனமிக் ஈக்யூ, அதாவது சத்தம் ஏறறப்ப மட்டும் வெட்டற ஈக்யூ. நாதஸ்வரக்காரர் மேல ஏறி ஊதறப்ப 2லருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் காதைக் குத்தும். சாதாரண ஈக்யூல அதை வெட்டினா குத்தறது போயிடும், ஆனா கீழ மெதுவா இழைச்சு வாசிக்கற இடத்துலயும் அதே அளவு வெட்டுப்பட்டு, போர்வைக்குள்ள இருந்து ஊதற மாதிரி ஆயிடும். ரீஈக்யூ, எஃப்எல் ஸ்டுடியோவோட பாராமெட்ரிக் ஈக்யூ 2, ஏபிள்டன்ல ஈக்யூ எய்ட், லாஜிக்ல சேனல் ஈக்யூ, இது எல்லாமே நிலையான வெட்டுதான். க்யூபேஸ் ப்ரோ வெச்சிருக்கறவங்க மட்டும் அவசரப்படாதீங்க, 11லருந்து அதோட ஃப்ரீக்வென்சி ஈக்யூலயே டைனமிக் இருக்கு.

மத்தவங்களுக்கும் இப்போதைக்குக் காசு செலவில்லை. டோக்கியோ டான் லேப்ஸோட நோவா இலவசம், நாலு பேண்ட் டைனமிக் ஈக்யூ. இதோ போட்டிருக்கேன். ஒரு பேண்டை 3 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க, க்யூ 2. கெயினைத் தொடாதீங்க, அது 0லயே இருக்கட்டும். த்ரெஷோல்டை (எந்தச் சத்தத்துக்கு மேல வெட்டணும்ங்கற அளவு) ஆன் பண்ணி மெதுவா இறக்குங்க. உச்சத்துல ஊதற இடத்துல மட்டும் 3, 4 டெசிபல் இறங்கணும், இழைக்கற இடத்துல கோடு அசையவே கூடாது. அட்டாக் (வெட்டு தொடங்க எடுக்கற நேரம்) ரொம்ப வேகமா இருந்தா நாக்குப் போட்டு எடுக்கற அந்த முதல் தட்டே மழுங்கிடும், 10 மில்லிசெகண்ட்ல ஆரம்பிங்க. 6 டெசிபலுக்கு மேல இறங்குதுன்னா மைக்கை சீவாளிக்கும் அணசுக்கும் எந்தப் பக்கம் வெச்சோம்னுதான் யோசிக்கணும், ப்ளகினை இல்லை.

தவிலுக்கு வருவோம். தொப்பிப் பக்கம் குச்சி விழுந்தா கனமான அடி, வலந்தலைப் பக்கம் கூடு போட்ட விரல் விழுந்தா கூர்மையான வெட்டு. ரெண்டையும் ஒரே மைக்ல எடுத்து சாதாரணமா கம்ப்ரஸ் பண்ணினா தொப்பி அடிக்கும்போதெல்லாம் வலந்தலையும் சேர்ந்து அமுங்கும். இதுக்குத்தான் காஸ்ட்லி கம்ப்ரஸர் வேணும்னு சொல்லுவாங்க. வேணும்ங்கறது கம்ப்ரஸரோட காது மட்டும் கீழ் சத்தத்தைக் கேக்காம இருக்கறது, அதாவது டிடெக்டர்ல கீழ் சத்தத்தை வெட்டற ஒரு ஹை பாஸ். ரீப்பரோட கம்ப்ரஸரான ரீகாம்ப்ல அது இருக்கு, 150 ஹெர்ட்ஸ்ல வைங்க, வேலை முடிஞ்சது. உங்க சாஃப்ட்வேர் கம்ப்ரஸர்ல அந்த நாப் இருக்கான்னு முதல்ல தேடுங்க, இல்லைன்னா வெளிய போங்க. ரெண்டு கம்ப்ரஸரை ஒரே நம்பர் போட்டு ஒப்பிடாதீங்க, ஒண்ணோட 10 மில்லிசெகண்டும் இன்னொண்ணோட 10 மில்லிசெகண்டும் ஒண்ணு கிடையாது.

சாச்சுரேஷன், டிஸ்டார்ஷன் (வேணும்னே சத்தத்தைக் கரகரப்பாக்கறது) வகைல உள்ள இருக்கறதுக்கும் வெளிய இருக்கறதுக்கும் நிஜமாவே தூரம் அதிகம். 44.1 ப்ராஜெக்ட்ல 10 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன் குடுத்து, ப்ளகினை நல்லா ஓட்டி, பின்னாடி ஃப்ரீக்வென்சியைப் படமா காட்டற வாக்ஸெங்கோ ஸ்பான் போட்டுப் பாருங்க. அதுவும் இலவசம். டோனோட மூணாவது மடங்கு 30. அது 22.05க்குள்ள அடங்காது, மடங்கித் திரும்பி 14.1ல வந்து நிக்கும். அஞ்சாவது மடங்கு 50, அது 5.9ல நிக்கும். இந்த ரெண்டு இடத்துலயும் உசரமா கோடு தெரிஞ்சா அந்தச் சத்தம் ஸ்வரத்தோட சேராத சத்தம். ஓவர்சாம்ப்ளிங்னு (உள்ளுக்குள்ள அதிக சாம்பிள்ல கணக்குப் போடறது) பட்டன் இருந்தா 4 மடங்கு போட்டுட்டு மறுபடி பாருங்க, கோடு குறையணும். பட்டனே இல்லாத ஸ்டாக் டிஸ்டார்ஷனை ஜாலரா, நாதஸ்வரம் மேல போடாதீங்க. கீழ் சத்தம்தான்னா பிரச்சினை அவ்வளவு தெரியாது.

அடுத்து இரைச்சல். சேலத்துல தறி ஓடற அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. ஃபேன் இரைச்சல் வேற, விசைத்தறி இரைச்சல் வேற. ஃபேன் சீரான சத்தம், ரீப்பர்லயே ரீஃபிர் எடுத்துடும். மோடை சப்ட்ராக்ட்ல வைங்க, ஆட்டோமேட்டிக்கா நாய்ஸ் ப்ரொஃபைல் கட்டற டிக்கைப் போடுங்க, வெறும் ஃபேன் மட்டும் இருக்கற 2 செகண்டை லூப்ல ஓட்டுங்க, டிக்கை எடுத்துடுங்க. எடுக்க மறந்தீங்கன்னா பாட்டையே இரைச்சல்னு கத்துக்கிட்டு தின்னுடும், தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி வந்தா காரணம் இதுதான். தறி அப்படி இல்லை. ஒவ்வொரு தட்டும் தனித்தனி அடி, எல்லா ஃப்ரீக்வென்சிலயும் விழும். ப்ரொஃபைல் எடுக்கற எந்த ப்ளகினும் அதைத் தொடாது. ஐசோடோப் ஆர்எக்ஸ் மாதிரி படமா காட்டி ஒவ்வொரு தட்டையும் அழிக்க விடற கருவி வேணும். எல்லா எடிஷன்லயும் அந்த ஸ்பெக்ட்ரல் ரிப்பேர் வராது, பட்டியலைப் படிச்சுட்டு வாங்குங்க. பாட்டு மேலயே தட்டு விழுந்திருந்தா அதுவும் முழுசா காப்பாத்தாது. தறி நிக்கற நேரம் பாத்து ரெக்கார்ட் பண்றதுதான் வழி. ஹம் (கரண்ட் ரீங்காரம்) எடுக்கற ப்ளகின் எதுவா இருந்தாலும் 60ல இருந்தா 50க்கு மாத்துங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

ரிவெர்பைச் சுருக்கமா சொல்லிடறேன். ரீப்பரோட ரீவெர்ப் (ReaVerb), லாஜிக்கோட ஸ்பேஸ் டிசைனர் ரெண்டும் எந்த இம்பல்ஸ் (ஒரு இடத்தோட எதிரொலிப் பதிவு) வேவ் ஃபைலையும் எடுத்துக்கும். காலியா இருக்கற கல்யாண மண்டபத்துல ஒரு பலூனை உடைச்சு ரெக்கார்ட் பண்ணி, முன்னாடி இருக்கற வெத்து இடத்தை வெட்டிட்டு அதுல போடுங்க. நம்ம ஊர் மண்டபச் சத்தம் எந்த விலைக்கும் கடையில கிடைக்காது.

பாடறவங்க ஹெட்ஃபோன்ல கேட்டுட்டே பாடறாங்கன்னா லேட்டன்சி (சத்தம் காதுக்கு வர்ற தாமதம்) பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் 128 சாம்பிள்னா ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், தாங்கலாம். அதுமேல 4096 சாம்பிள் தாமதிக்கற லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒண்ணை மாஸ்டர்ல போட்டா இன்னும் 85 மில்லிசெகண்ட் சேரும், பாடவே முடியாது. சாஃப்ட்வேர் செய்யற டிலே காம்பன்சேஷன் லைவ் மைக்குக்கு உதவாது. ரீப்பர்ல எஃபெக்ட் ஜன்னல் கீழ சாம்பிள் கணக்கு தெரியும், அது பெருசா இருக்கற ப்ளகினை ரெக்கார்டிங் முடியற வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க.

வாங்கறதுன்னு முடிவாச்சுன்னா விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் முறையைப் பாருங்க. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல வேலை செய்யறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஐலாக்ங்கற லைசென்ஸ் முறையில க்ளவுடுன்னா செஷன் முழுக்க நெட் இருக்கணும். அதே ஐலாக்ல கம்ப்யூட்டருக்கே லைசென்ஸை ஏத்திக்கற வசதியோ, யூஎஸ்பி சாவியோ இருந்தா அதை எடுங்க. வல்ஹல்லா, ஃபேப்ஃபில்டர் மாதிரி வெறும் கீ குடுக்கற கம்பெனின்னா ஒருதடவை போட்டா போதும். நம்ம பேங்க் ஆப்ல கார்டுக்கு இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷனை ஆன் பண்ணலைன்னா டாலர்ல காசு போகாது, வாங்கிட்டு மறுபடி ஆஃப் பண்ணிடுங்க. நவம்பர் கடைசில நிறைய கம்பெனி விலையைக் குறைக்கும், அவசரம் இல்லைன்னா காத்திருங்க. க்ராக் வேண்டவே வேண்டாம், வைரஸோட வரும், கஸ்டமரோட பாட்டும் அதே கம்ப்யூட்டர்லதான் இருக்கு.

இன்ஸ்டால் பண்ணியும் காணோம்னா, விண்டோஸ்ல சி டிரைவ்ல ப்ரோகிராம் ஃபைல்ஸ், அதுக்குள்ள காமன் ஃபைல்ஸ், அதுக்குள்ள விஎஸ்டி 3 ஃபோல்டரைத் திறந்து ஃபைல் இருக்கான்னு பாருங்க. இருந்தா ரீப்பர் ப்ரிஃபரன்சஸ்ல விஎஸ்டி பக்கம் போய் கேஷை அழிச்சு ரீஸ்கேன். மேக்ல லாஜிக் ஏயுங்கற ஆப்பிளோட ப்ளகின் வகையை மட்டும்தான் எடுக்கும், விஎஸ்டி 3 மட்டும் போட்டுட்டுத் தேடினா வராது.

கடைசியா, மிக்ஸிங்குக்கு சென்னைக்கு ப்ராஜெக்ட் அனுப்பறப்ப அங்க இந்த ப்ளகின் இருக்கும்னு நம்பாதீங்க. ஒவ்வொரு ட்ராக்கையும் ரெண்டு தடவை ரெண்டர் பண்ணுங்க, எஃபெக்டோட ஒண்ணு, எஃபெக்ட் இல்லாம ஒண்ணு. ரெண்டுமே 24 பிட் வேவ், ரெண்டுமே முதல் பார்லருந்து தொடங்கணும். ஃபைல் பேர்ல எஃபெக்ட் இல்லாததுக்கு ட்ரை, இருக்கறதுக்கு வெட்னு எழுதிடுங்க. நோவா போட்ட நாதஸ்வரத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட்டையும் அதே ஃபோல்டர்ல போட்டுடுங்க. 3 கிலோஹெர்ட்ஸ், க்யூ 2, த்ரெஷோல்டு எவ்வளவுன்னு அதுலயே தெரியும், அங்க எந்த டைனமிக் ஈக்யூ இருந்தாலும் போட்டுக்குவாங்க.