அகிலும் இருபத்திரண்டு கன்றுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

தைலம் காய்ச்ச அகில் கட்டை வேண்டுமென்று வீட்டில் சொல்ல, சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். விலையைக் கேட்டு முகம் சுளித்தேன். கடைக்காரர், "கவலைப்படாதீர்கள் ஐயா, இப்போது தோட்டம் தோட்டமாக நடுகிறார்கள், அகில் அழியாது" என்றார்.

தோட்டம் என்றதும் எனக்குப் பால்மரம்தான் நினைவுக்கு வந்தது. 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகள் 22. நம் பாட்டிமார் விடியலில் எழுந்து சீவிய மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சின்னக் குடும்பத்தின் வாரிசுகள். கோடிக்கணக்கில் மரம், மூதாதையரோ ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள்! பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு போட்ட தோட்டங்களைச் சீரழித்த இலைக்கருகல் நோய் இங்கே வந்தால், எதிர்த்து நிற்கும் மரங்களை எங்கே தேடுவது?

அகில் தரும் மரத்தை மலாய்க்காரர்கள் காராஸ் என்கிறார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே மலாக்கா ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயில்லாத மரத்தில் அகிலின் மணம் கிடையாது. காயம்பட்டு, பூஞ்சை புகுந்து, மரம் அதை எதிர்த்துப் பிசின் சுரந்தால்தான் கட்டை கறுத்து மணக்கும். உள்ளே பிசின் உண்டா இல்லையா என்று வெளியே நின்று சொல்வது கடினம். ஆகவே வெட்டிப் பார்க்கிறார்கள். வெறும் மரமும் சாய்கிறது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இருந்தும், இன்று அது அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனம்.

சரி, நட்டால் போதாதா? காராஸ் விதை காய்ந்தால் முளைக்காது. சேமித்து வைக்க முடியாது. நாற்றுக்காரர் கைக்கெட்டும் நாலைந்து தாய்மரங்களின் அடியில் பொறுக்குவார். கன்றுகளெல்லாம் அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர்கள். விதவிதமான மரபணுக்கள் இருப்பது காட்டில்தான். அங்கும் மரங்கள் குறையக் குறைய, மிஞ்சியவை நெருங்கிய உறவுக்குள்ளேயே காய்க்கும். அரிய மரபணுக்கள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். தொலைந்ததை எந்த நாற்றங்காலும் திருப்பித் தராது.

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தார் காட்டு மரங்களின் மரபணுப் பதிவுகளைத் தொகுத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாக வெட்டிப் பிடிபட்ட கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவை உதவும். கட்டையிடமே ஊர் கேட்கும் வித்தை, எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

உங்களில் யாராவது பழத்தோட்ட ஓரத்தில் காராஸ் நட நினைத்தால், விலை பேசுமுன் எத்தனை தாய்மரத்து விதை என்று நாற்றுக்காரரைக் கேளுங்கள். ஒரே மரம் என்றால் பாதியை மட்டும் அங்கே வாங்குங்கள். மீதியை வேறொரு நாற்றங்காலில் வாங்கிக்கொள்ளலாம்.