ஜின் ரம்மி: அம்மப்பாவும் நானும் குழம்பிய இடங்கள்

வணக்கம். கல்லடியில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழை. கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பில் இப்படித்தான், தகரத்தில் விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. என் குரல் மெதுவாக இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இன்று சமையல் இல்லை, பாசிக்குடாப் பயணம் இல்லை. ஒரு கட்டு காட்ஸ் மட்டும்தான். இந்த மாதம் முழுக்க நானும் அம்மப்பாவும் ஜின் ரம்மி பழகுகிறோம். இரண்டே பேர் விளையாடுகிற ஆட்டம். பழகும்போது எங்களுக்குள் மூன்று தடவை பெரிய விவாதம் வந்தது, ஒரு தடவை அவர் எழும்பிப் போய்விட்டார். அந்த மூன்றையும் நாங்கள் எப்படித் தீர்த்தோம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இதைப் பழகுகிற யாரும் அதே இடங்களில்தான் இடறுவார்கள்.

அம்மப்பாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் முந்நூற்றி நாலு ஆள். எங்கள் பக்கத்தில் காட்ஸ் என்றால் அதுதானே. நாலு பேர், இரண்டு பக்கம், எதிரே இருப்பவர் உங்கள் ஆள். அவருடைய நாலு பேர் இந்த விறாந்தையில்தான் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து விளையாடினார்கள். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டு பேர் இப்போது இல்லை. அம்மப்பா மட்டும் அந்தக் கதிரையில் இருந்து காட்ஸைக் குலைத்துக் குலைத்து மேசையில் வைப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் ஒன்றைத் தேடினேன். நியூயோர்க்கில் 1909இல் எல்வுட் பேக்கர் என்பவரும் அவருடைய மகனும் உருவாக்கியது என்று சொல்லப்படுகிற ஆட்டம் இது.

சரி, ஆட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 52 காட், ஜோக்கர் கிடையாது. ஆளுக்குப் பத்து. மிச்சத்தைக் கவிழ்த்து வைத்து, மேலே இருக்கும் ஒன்றை மட்டும் நிமிர்த்திப் பக்கத்தில் வைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது கவிழ்த்த கட்டில் இருந்தோ நிமிர்த்திப் போட்டதில் இருந்தோ ஒன்று எடுக்கிறீர்கள், ஒன்று போடுகிறீர்கள். ஒரே இலக்கத்தில் மூன்று அல்லது நாலு சேர்ந்தால் செட். ஒரே இனத்தில் மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக வந்தால் ரன். எதிலும் சேராமல் கையில் நிற்பதை நாங்கள் ‘மிச்சம்’ என்று சொல்கிறோம். அந்த மிச்சத்தைக் குறைப்பதுதான் முழு வேலையும். மிச்சம் பத்துப் புள்ளி அல்லது அதற்குக் குறைவாக வந்தால் நீங்கள் மேசையில் தட்டி ஆட்டத்தை முடிக்கலாம். ஆங்கிலத்தில் நொக். நாங்கள் தட்டுறது என்றே சொல்கிறோம்.

இவ்வளவும் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது எங்கே இருந்து வந்தது என்று இரண்டு கிழமை கழித்துத்தான் பிடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் வெறுந்தலையோடு இந்த மேசைக்கு வரவில்லை. அவர் முந்நூற்றி நாலைக் கொண்டு வந்தார். நான் போனில் ஆடிய பதின்மூன்று காட் ரம்மியைக் கொண்டு வந்தேன். புது ஆட்டத்தில் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அவரவர் பழைய ஆட்டத்தை வைத்து நிரப்பிக்கொண்டோம்.

முந்நூற்றி நாலில் ஜாக்தான் ராசா. அதற்கு 30. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. பிறகு ஏஸ் 11, பத்துக்கு 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தில் 76, நாலு இனத்திலும் 304, பெயரே அப்படி வந்ததுதான். இத்தனை வருடம் இந்தக் கணக்கில் இருந்த மனிதர் கையில் ஒரு ஜாக் வந்தால் போடுவாரா? போடவே மாட்டார். மூன்று ஜாக் சேராவிட்டாலும் இரண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நான் தட்டும்போது அந்த இரண்டும் இருபது புள்ளியாக அவர் தலையில் விழும். ஜின் ரம்மியில் ஜாக், குயின், கிங் மூன்றும் பத்துப் பத்துத்தான். ஏஸ் ஒன்று. மற்றதெல்லாம் அதில் உள்ள இலக்கமே. கையில் சேராமல் நிற்கிற பெரிய காட் சுமை. சின்னக் காட் நல்ல காட். இதைத் தலையில் ஏற்றிக்கொள்ள அவருக்கு நாலு நாள் எடுத்தது. “என்ன புள்ள, துரும்பும் இல்லாம, ஜாக்குக்கு மரியாதையும் இல்லாம ஒரு காட்ஸா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிடி எடுப்பதோ, மற்ற இனங்களை வெல்லும் துரும்பால் வெட்டுவதோ இந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை. அதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இடையில் ஒன்று. அம்மப்பா கிளப்ஸைக் கலாவரை என்றும் ஸ்பேட்ஸை இஸ்கோப்பன் என்றும்தான் சொல்லுவார். இரண்டும் ஒல்லாந்தர் மொழியில் இருந்து வந்தவை: க்ளாவர், ஸ்கொப்பன். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம்முடைய கோட்டையைப் பிடித்தவர்கள். அவர்கள் போய் எத்தனை தலைமுறை ஆகிவிட்டது, காட்ஸின் பெயர்கள் மட்டும் இந்த விறாந்தையில் இன்னும் புழங்குகின்றன. எனக்கு அது கேட்கக் கேட்கப் பிடிக்கும். அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.

என் பக்கக் குழப்பம் வேறு. போன் ரம்மியில் ஜோக்கர் இல்லாத சுத்தமான வரிசை ஒன்று கட்டாயம். இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை, மூன்று செட் மட்டும் வைத்தும் முடிக்கலாம். அங்கே எல்லாக் காட்டும் சேர்ந்தால்தான் முடிக்க முடியும். இங்கே மிச்சத்தோடேயே முடிக்கலாம். அப்புறம் குயின், கிங், ஏஸ் என்று நான் ஒரு ரன் வைத்தேன். அது செல்லாது. இந்த ஆட்டத்தில் ஏஸ் கீழே மட்டும்தான் நிற்கும்: ஏஸ், இரண்டு, மூன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஒரே காட்டை இரண்டு இடத்தில் எண்ண முடியாது. ஆட்டின், அதாவது ஹார்ட்ஸ், ஏழை மூன்று ஏழுக்குள் வைத்தால் ஐந்து, ஆறு, ஏழு என்ற ரன்னுக்கு அது கிடையாது.

இப்போது பெரிய விவாதத்துக்கு வருகிறேன். கேமராவை மேசைப் பக்கம் திருப்புகிறேன், அன்றைக்கு இருந்த கையை அப்படியே பரப்பி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு கட்டு எடுத்து இப்படியே வைத்துப் பாருங்கள், வாயால் சொல்வதை விட அது நன்றாக விளங்கும்.

இது என் கை. ஆட்டின் நாலு, ஐந்து, ஆறு, ஏழு. அது ஒரு ரன். பிறகு மூன்று கிங்: ஆட்டின், டைமன், இஸ்கோப்பன். மிச்சம் மூன்று: இஸ்கோப்பன் ஏஸ், கலாவரை இரண்டு, டைமன் மூன்று. ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆறு. பத்துக்குக் கீழே, தட்டலாம். கவனியுங்கள், ஒன்று எடுத்து, ஒன்றைக் கவிழ்த்துப் போட்ட பிறகு கையில் நிற்கிற பத்துக் காட்டில்தான் இந்தக் கணக்கு. போட்ட காட் சேராது. அம்மப்பா பதினொன்றையும் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார், அதனால் பல தடவை தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல் விட்டார்.

இது அம்மப்பாவின் கை. கலாவரை ஆறு, ஏழு, எட்டு. மூன்று ஒன்பது: ஆட்டின், டைமன், இஸ்கோப்பன். மிச்சம் நாலு: ஆட்டின் எட்டு, கலாவரை கிங், இஸ்கோப்பன் மூன்று, டைமன் இரண்டு. எட்டும் பத்தும் மூன்றும் இரண்டும் 23.

நான் தட்டினேன். இருவர் மிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் புள்ளி, 23இல் ஆறு போனால் 17. கொப்பியில் என் பக்கம் 17 என்று எழுதினேன். அம்மப்பா என் காட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த எட்டு உன்ட ஏழோட ஒட்டும்தானே?” என்று கேட்டார். இல்லை அம்மப்பா, அது என் ரன், நீங்கள் தொட முடியாது என்றேன். முந்நூற்றி நாலில் எதிரியின் காட்டைத் தொடுகிற வேலை இல்லை. போன் ரம்மியிலும் இல்லை. ஆனபடியால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைக்குத்தான் அவர் எழும்பிப் போனார்.

இரவு இருந்து விதியைத் தேடி வாசித்தேன். அவர் கேட்டதுதான் சரி. தட்டியவர் தன் காட்ஸைப் பரப்பி வைத்த பிறகு, மற்றவர் தன்னுடைய மிச்சத்தில் இருப்பதைத் தட்டியவரின் செட்டிலும் ரன்னிலும் ஒட்டலாம். பாருங்கள், ஆட்டின் எட்டு என் ஏழுக்குப் பின்னால் போகிறது. கலாவரை கிங் என் மூன்று கிங்கோடு நாலாவதாகப் போகிறது. 23இல் 18 போய்விட்டது. அவரிடம் நிற்பது மூன்றும் இரண்டும், ஐந்து. என்னிடம் ஆறு. தட்டியவரை விட மற்றவருடைய மிச்சம் குறைவாக வந்தால், அல்லது சமமாக வந்தாலே, ஆட்டம் தட்டியவருக்கு இல்லை. அதற்கு அண்டர்கட் என்று பெயர். வித்தியாசம் ஒன்று, அதோடு மேலதிகம் 25. மொத்தம் 26 அவருக்கு. எனக்கு 17 என்று எழுதிய இடத்தில் அவருக்கு 26 எழுதியிருக்க வேண்டும். விடிந்ததும் தேத்தண்ணியோடு போய், கொப்பியைத் திறந்து அவர் முன்னால் வெட்டித் திருத்தி எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காட்ஸை எடுத்துக் குலைத்தார்.

இதே கையில் இன்னொரு விதியையும் பார்த்துவிடலாம். என்னிடம் மிச்சமே இல்லை, பத்துக் காட்டும் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஜின். அப்போது அவர் எதையும் ஒட்ட முடியாது. அவருடைய 23 அப்படியே நிற்கும், அதோடு ஜின்னுக்கு 25, மொத்தம் 48 எனக்கு. தட்டினால் ஒட்டலாம், ஜின் என்றால் ஒட்ட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் ஆட்டத்தில் பாதி பிடிபட்டுவிடும். அத்தோடு ஒட்டுகிற உரிமை தட்டாதவருக்கு மட்டும்தான். தட்டியவர் தன் மிச்சத்தை மற்றவரின் செட்டில் கொண்டுபோய் ஒட்ட முடியாது.

பத்துக்குள் வந்துவிட்டால் தட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விரும்பினால் ஜின்னுக்குக் காத்திருக்கலாம். ஆனால் பழகுகிறவர்கள் முதலில் தட்டிப் பழகுவதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். ஜின்னுக்குக் காத்திருந்து காத்திருந்து, எதிரே இருப்பவர் தட்டியதும் கையில் முப்பது நாற்பதோடு அகப்படுவதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

சின்னச் சின்ன விடயங்களை வேகமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் நிமிர்த்தி வைத்த காட்டை எடுக்கும் முதல் உரிமை, காட்ஸைப் பிரித்துக் கொடுக்காதவருக்கு. அவர் வேண்டாம் என்றால் பிரித்தவர் எடுக்கலாம். இருவருக்கும் வேண்டாம் என்றால், பிரிக்காதவர் கவிழ்த்து வைத்த கட்டில் இருந்து எடுத்துத் தொடங்குவார். போட்ட காட்டை எடுத்துவிட்டு அதே முறையில் அதையே திருப்பிப் போட முடியாது. கட்டில் இரண்டே காட் மிஞ்சும் வரைக்கும் யாரும் தட்டவில்லை என்றால் அந்த ஆட்டம் யாருக்கும் இல்லை, புள்ளியும் இல்லை, மறுபடி பிரிக்க வேண்டும்.

கடைசி விவாதம் புள்ளியில் வந்தது. எனக்கு ஒரு இடத்தில் ஜின்னுக்கு 25 என்று இருந்தது. அம்மப்பாவுக்கு அவருடைய நண்பர் கனடாவில் இருந்து போனில் 20 என்று சொல்லிவிட்டார். அண்டர்கட்டுக்கு ஒருவர் 10 என்கிறார், இன்னொருவர் 25 என்கிறார். இதில் யாருமே பிழை இல்லை. ஜின் ரம்மியில் இந்த மேலதிகப் புள்ளிகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் விதியைத் தேடுவதை விட்டுவிட்டு இருவரும் இருந்து பேசி முடிவு எடுத்தோம். ஜின்னுக்கு 25, அண்டர்கட்டுக்கு 25, முதலில் 100 தொட்டவர் வெற்றி. நூறு தொட்ட பிறகு வெற்றிக்கென்று இன்னொரு நூறு, வென்ற ஒவ்வொரு கைக்கும் தனியாகப் புள்ளி என்றெல்லாம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைச் சேர்க்கவில்லை. எங்கள் முடிவைக் கொப்பியின் முதல் பக்கத்தில் அம்மப்பாவே தன் கையால் எழுதினார். இதோ, காட்டுகிறேன். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, ஆனால் வடிவாக வாசிக்கலாம்.

நீங்கள் தொடங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். பிரிக்க முன்னரே அந்த மூன்று இலக்கங்களையும் பேசி எழுதிவிடுங்கள். முதல் மூன்று ஆட்டத்தை இருவர் கையையும் நிமிர்த்தி மேசையில் வைத்தே விளையாடுங்கள், புள்ளி எழுதாமல். தட்டுவதும் ஒட்டுவதும் கண்ணால் பார்த்தால் ஒரே மாலையில் விளங்கிவிடும். எனக்கு இதை யாராவது முன்னரே சொல்லியிருந்தால் அம்மப்பா அன்றைக்கு எழும்பிப் போயிருக்க மாட்டார்.

இன்றைய நிலவரம் அவர் 84, நான் 71. நேற்று இரவு கரண்ட் போனதால் இடையில் நிறுத்தி வைத்தோம். உள்ளே இருந்து கூப்பிடுகிறார், கேட்கிறதா? “புள்ள, பிரிச்சு வெச்சாச்சு, வா.” கேமராவை நிறுத்துகிறேன். நேற்று ஒரு ஜாக்கை அவர் யோசிக்காமலே தூக்கிப் போட்டார். அது எனக்குத் தேவைப்பட்ட ஜாக்.