ஆயா பாடிய கொல்லி

நேயர்களுக்கு வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இங்கே புதுச்சேரி வானொலி நிலையத்துக்குக் கிளம்பினால் கெடிலம் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த ஆற்றைப் பார்த்தாலே எனக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாட்டிலேயே கெடிலம் இருக்கிறது.

அப்பர் திருவதிகையில் பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகம்தான். பண்ருட்டிக்குப் பக்கத்தில்தானே அதிகை, உங்களில் பலர் போயிருப்பீர்கள். சமணத்தில் தருமசேனராக இருந்தவர், சூலை நோய் என்கிற கடும் வயிற்றுவலி தாங்காமல் அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து அங்கே பாடினார் என்பது வரலாறு.

எனக்கு அந்தப் பாட்டு அறிமுகமானது கோயிலில் இல்லை, வயிற்றுவலியில். சின்ன வயதில் ராத்திரி அடிக்கடி வயிறு வலிக்கும். ஆயா, அதாவது என் பாட்டி, எழுந்து சிம்னி விளக்கை ஏற்றி, பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவிக்கொண்டே பாடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டே மனப்பாடம். பாதிச் சொற்கள் தேய்ந்துபோயிருக்கும், ஆனால் ‘ஆற்றேன்’ என்று ஒரு சொல் வரும் பாருங்கள், அங்கே மட்டும் நின்று இழுப்பார். என்னால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆறு வயதில் எனக்கு அர்த்தமா தெரியும்? இதே வலியை எனக்கு முன்பே யாரோ பட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் அந்த இழுப்பில் புரிந்தது. தூங்கிவிடுவேன்.

ஆயா போய்ப் பல வருஷம் கழித்து அதிகைக் கோயிலில் ஓர் ஓதுவார் அதைச் சுத்தாங்கமாக, அதாவது தாளம் போடாமல், பாடிக்கொண்டிருந்தார். அது கொல்லி என்கிற பழந்தமிழ்ப் பண், அதாவது அந்தக் காலத்து ராகம், இன்று நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியாது. ‘ஆற்றேன்’ வந்தது. என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. வலி ஒன்றும் இல்லை, ஆனால் பெருங்காய வாசனை வந்தது, நிஜமாகவே வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன், தேவாரத்தை அவசரப்படுத்தாதீர்கள். திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, பின்னால் கீபோர்டும் டிரம்மும் சேர்த்து ஓட்டுகிறார்களே, அதில் சொல் நிற்க இடமே இல்லை. வலிக்கிறவன் தாளத்துக்கா முனகுவான்? மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் அந்தச் சொல் போக வேண்டும். ஒருநாள் கோயிலில் ஓதுவார் பாடும்போது தட்டு வரும்வரை பேசிக்கொண்டு நிற்காமல், சும்மா உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எருக்கத்தம்புலியூரைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன். விருத்தாசலம் பக்கம், இன்றைய ராஜேந்திரப்பட்டினம், சம்பந்தர் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஊர். தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தும் பண் தெரியாமல் நின்றபோது, அவர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்களைப் பாடிக் காட்டினார் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அந்த அம்மா பாடியது ஓதுவார்கள் வாய்வழியாக என் ஆயா காது வரைக்கும் வந்திருக்கிறது. நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.